பிறந்தநாள் ஊசி

என் சொந்த வீட்டுக்குள் நான் ஒரு முறை பால்கனி வழியாக ஏறிக் குதிக்கப் பார்த்திருக்கிறேன். சாவி தொலையவில்லை, சட்டைப்பையில்தான் இருந்தது. முன்கதவை வெளியிலிருந்து பூட்டியவனும் நானே. வீட்டில் ஆளில்லை என்று காட்டுவதற்காகப் பூட்டிவிட்டு, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், தரைத்தள பால்கனியின் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் என்னைச் செருகினேன். என் கல்யாணக் காலத்து உடம்புக்கு அந்த இடைவெளி சரியாக இருந்திருக்கும். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, வயிறு எந்தப் பக்கம் என்று முடிவாகாத நிலையில் தொங்கிக்கொண்டிருந்தபோது கீழிருந்து மிகப் பணிவான குரல் ஒன்று கேட்டது.

"பார்த்துங்ணா. அந்தத் தொட்டி ஆடுதுங்க. நான் புடிச்சுக்கறேன், நீங்க மெதுவா எறங்குங்க."

யாரிடமிருந்து ஒளிவதற்காக இத்தனை பாடுபட்டேனோ, அவரே என் பாதத்துக்குக் கீழிருந்த ரோஜாத் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். காலை ஆறேமுக்கால். என் மகளுடைய ஆறாவது பிறந்தநாள். உள்ளே என் மனைவி சுமதி கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். ஆளில்லாத வீட்டிலிருந்து நெய் வாசனை தெருமுனை வரை போய்க்கொண்டிருந்தது. இந்த விவரம் என் திட்டத்தில் விடுபட்டுப் போயிருந்தது. நான் புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவருக்குப் பெயர் உண்டு. எனக்குத் தெரியவும் செய்யும். ஆனால் நிக்டியில் எங்கள் காலனியில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவர் 'சூயிவாலி ஆன்ட்டி', இங்கே ஊசிக்கு சூயி. தமிழ் பேசுகிற நாலைந்து வீடுகளில் ஊசி அக்கா. கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். உயரம் ஐந்தடிக்கு இரண்டு விரல் குறைவு. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. கணவருக்கு ரஞ்சன்காவில் வேலை. கம்பெனி பஸ் விடிவதற்கு முன்பே வந்து அவரை அள்ளிக்கொண்டு போய்விடும். அதன் பிறகு லேப் திறக்கும்வரை அக்காவுக்கு இரண்டு மணி நேரம் கையில் இருக்கும். மற்ற பெண்கள் அந்த நேரத்தில் யோகா வகுப்புக்குப் போனார்கள். இவர் பிறந்தநாள் வீடுகளுக்குப் போனார்.

சுற்றுவட்டாரத்தில் எந்தெந்தப் பெண்களுக்கு மாசமாக இருக்கும்போது சர்க்கரையோ பிரஷரோ வந்து, பிரசவத்தோடு போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். அவர்களுடைய பிள்ளைகளின் பிறந்தநாளன்று, தாய் காபிகூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு இருக்கிற நேரமாகப் பார்த்து வந்து நிற்பார். ஒரு கையில் பிள்ளைக்குப் பென்சில் டப்பா. இன்னொரு கையில் எவர்சில்வர் டிபன் கேரியர். மேல் அடுக்கில் ஊசி, பஞ்சு, ரப்பர் பட்டை. கீழ் அடுக்கில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே கண்ணாடிக் குழாய்கள். சர்க்கரை வந்தவர்களுக்கு ஊசி. பிரஷர் வந்தவர்களுக்குக் கையில் துணிப்பட்டையைச் சுற்றி, பல்பை அமுக்கி, காதில் குழாயை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். வேலை முடிந்ததும் பிள்ளையின் தலையில் கை வைத்து, "நல்லா இரு கண்ணு" என்பார். பெயர் சொல்லி வாழ்த்தியதே இல்லை. பெயர் அவருக்குத் தெரியாது.

பெயரும் முகமும் அவர் மனதில் தங்காது. நரம்புதான் தங்கும். ஒரு நாள் காய்கறி மார்க்கெட்டில் எதிரே வந்தவரைப் பார்த்து நான் கும்பிட்டேன். யாரோ எவரோ என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு முட்டைக்கோசைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் வந்த சுமதி வெண்டைக்காய் பொறுக்கக் கையை நீட்டினாள். அக்காவின் கண் நேராக அவள் முழங்கை மடிப்புக்குப் போயிற்று. "அட, நம்ம அம்மிணி! இவுங்க உங்க வீட்டுக்காரருங்களா?" என்றார், மகிழ்ச்சியோடு. அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் வீட்டில் உட்கார்ந்து நான் போட்ட காபியைக் குடித்துவிட்டு, சர்க்கரை ஜாஸ்தி என்று சொல்லியிருந்தார்.

ஆட்களை அவர் பிரசவத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார். 'மூணாவது பில்டிங், ஏழாம் மாசம் கால் வீங்கினவங்க', 'தண்ணித்தொட்டிப் பக்கத்துல, நாலு கிலோ பையன்' என்கிற மாதிரி. பிறக்கும்போது அளவுக்கு மீறிக் கனமாக இருந்த பிள்ளை என்றால், தாய்க்குச் சர்க்கரை இருந்து யாரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம் என்பது அவர் கட்சி. பஸ் நிறுத்தத்தில் வாட்டசாட்டமான இளைஞன் யாராவது நின்றால் நமக்கு ஒன்றும் தோன்றாது. இவருக்கு அவன் அம்மாவின் நினைப்பு வந்துவிடும். எங்கள் கம்பெனி ஜெனரல் மேனேஜரின் மனைவி ஒரு கல்யாண வரவேற்பில் எனக்குப் பக்கத்தில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா நேராக வந்து தன் இந்தியில், "பையன் பொறந்தப்ப எத்தனை கிலோ?" என்று கேட்டார். அந்த அம்மாள் பெருமையாக, "நாலரை" என்றார். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. ஐஸ்கிரீம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று சுமதி சொல்கிறாள்.

பிள்ளைகள் இதைப் பிறந்தநாளின் ஒரு சடங்கு என்றே நினைத்து வளர்ந்தார்கள். என் மகள் ஒன்றாம் வகுப்பில் 'என் பிறந்தநாள்' என்று ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் எழுதினாள். முதல் வாக்கியம்: காலையில் என் அம்மா ரத்தம் கொடுப்பாள். இரண்டாவது: பிறகு நாங்கள் கேக் வெட்டுவோம். பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். டீச்சர் நோட்டை என் முன்னால் வைத்து, மிகவும் யோசித்து, "தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் வீட்டில் என்ன மதம்?" என்று கேட்டார். நான் விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இன்னும் குழம்பிற்று. அவர்மேல் குற்றமில்லை. எனக்கே அந்த விஷயத்தில் தெளிவு கிடையாது.

எங்கள் கதை இவ்வளவுதான். மகள் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் சுமதிக்குச் சர்க்கரை கண்டது. இன்சுலின் போட்டார்கள். குழந்தை பிறந்த இரண்டாம் நாள் சர்க்கரை இயல்புக்கு வந்துவிட்டது. திருச்சியிலிருந்து என் மாமியார் வெல்லமும் நெய்யும் மணக்கிற பிரசவ லேகியத்தோடு வந்து இறங்கினார். மாடி வீட்டு வஹினி, இங்கே அண்ணியை அப்படிச் சொல்வார்கள், பிள்ளை பெற்றவளுக்கென்று கோந்து லட்டு ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தார். "பிள்ளை வந்தாச்சு, சர்க்கரை போயாச்சு" என்று இரண்டு பேரும் இரண்டு பாஷையில் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்தின் அடியில், ஆறு வாரம் கழித்தும் அதன்பின் ஆண்டுதோறும் சர்க்கரை பார்க்கவும் என்று ஒரு வரி இருந்ததாம். அந்தக் காகிதத்தை நான் ஒரு தடிமனான ரஷ்ய நாவலில் அடையாளத்துக்குச் செருகி வைத்திருந்தேன். எண்ணூறு பக்கத்தையும் படித்தேன். அடையாளக் காகிதத்தைப் படிக்கவில்லை.

முதல் பிறந்தநாளன்றே அக்கா வந்துவிட்டார். பிரசவ ஆஸ்பத்திரி லேபில் சுமதிக்கு ரத்தம் எடுத்ததே அவர்தான். எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் வந்து முடிவைச் சொன்னார்.

"இந்த வருஷம் இல்லீங்க அம்மிணி."

இந்த வாக்கியம்தான் என்னைப் பைத்தியமாக அடித்தது. 'ஒன்றுமில்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'இந்த வருஷம் இல்லை' என்பார். இரண்டாம் வருடமும் அதே. மூன்றாம் வருடமும் அதே. நல்ல செய்தி சொல்கிறவரின் முகமா அது? வர வேண்டிய பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்கிற டைம்கீப்பர் முகம். நான்காம் வருடம் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அதான் ஒவ்வொரு தடவையும் நார்மல்னு வருதே, இன்னும் எதுக்கு?"

அக்கா ரப்பர் பட்டையைச் சுருட்டிக்கொண்டே, "நீங்க கம்பெனியில என்ன பார்க்கறீங்ணா?" என்றார்.

"பிரேக் சிலிண்டர். சோதனை பண்ணி அனுப்புவேன்."

"எப்படிங்க சோதனை பண்ணுவீங்க?"

"ஓடும்போது வர்றதைவிட அதிக அழுத்தம் கொடுத்துப் பார்ப்போம். கசியுதான்னு."

"கசிஞ்சுதுன்னு வைங்க. அழுத்தத்தை எடுத்தப்புறம் கசியலை. பாஸ் பண்ணிடுவீங்களா?"

பாஸ் பண்ண மாட்டேன். அப்படிப் பாஸ் பண்ணிய ஒருவனை நானே எழுதிப் போட்டு வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறேன்.

"பத்து மாசம் வயித்துல இன்னொரு உசுரு. ஒடம்புக்கு அதைவிடப் பெரிய லோடு என்னங்க இருக்குது? அந்த லோடுல எது தடுமாறுச்சோ, அதைத்தானுங்க பின்னாலயும் பார்த்துக்கணும். எல்லாருக்கும் வர்றதில்லீங்க. ஆனா மத்தவங்களைவிட இவங்களுக்கு ஜாஸ்தி."

"என் பொண்டாட்டி பிரேக் சிலிண்டர் இல்லைங்க" என்றேன். பதில் தோன்றாதபோது நான் கண்ணியத்தின் பக்கம் போய்விடுவேன்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தறீங்களா?" என்றாள் சுமதி, கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு. "நான் என்ன உதிரிப்பாகமா? எனக்குப் பசிக்குது."

அவர் ஏன் இப்படி அலைகிறார் என்பதற்குக் காலனியில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். லேப் முதலாளி அனுப்புகிறார் என்றார்கள். ஆனால் முதலாளிக்கு இந்த விஷயமே தெரியாது. இவருடைய அக்காவோ தங்கையோ இப்படித்தான் செத்துப்போனாள் என்றார் வஹினி. எந்த அக்கா, எந்தத் தங்கை என்று கேட்டால் வஹினியிடம் பதில் இல்லை. வேறு வேலை இல்லை என்பது என் கட்சி. ஒரு நாள் அவரிடமே கேட்டேன். அவர் சொன்னது நான் எதிர்பார்த்த எதிலும் சேரவில்லை.

"காலையில பிரசவ ஆஸ்பத்திரி லேப், சாயங்காலம் பொது டாக்டர் லேப்னு ரெண்டு எடத்துலயும் பல வருஷம் வேலை பார்த்தேனுங்க. சாயங்காலம் ஒருத்தங்க வந்து கையை நீட்டுவாங்க. மொகம் தெரியாது. நரம்பைப் பார்த்தா, அட, இதை நான் குத்தியிருக்கேனேன்னு தோணும். சர்க்கரை முந்நூறு இருக்கும். 'இதுக்கு முன்னால இருந்துச்சுங்களா?'ன்னு கேட்டா, 'இல்லவே இல்லை'ம்பாங்க. 'மாசமா இருந்தப்ப?' 'அதைச் சேர்க்கணுமா? அது பிரசவத்தோட போயிடுச்சே'ம்பாங்க. பிரசவ டாக்டர் எழுதினது அங்கயே கெடக்குது. இந்த டாக்டர் கேக்கறதில்லை. நடுவுல யாருங்க இருக்கா? நான்தான் ரெண்டு எடத்துலயும் நின்னேன்."

"அதுக்கு ஏன் பிறந்தநாள்? வேற நாளே கிடைக்கலையா?"

"குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை குடுக்கறாங்க. அம்மாளுக்கு என்ன அட்டைங்க குடுக்கறாங்க? எந்தத் தேதியை மறந்தாலும் இந்தத் தேதியைப் பொம்பளைங்க மறக்க மாட்டாங்க. அதான் அதையே அட்டையா வெச்சுக்கிட்டேன்."

"உங்களுக்குப் பிள்ளைங்க உண்டா? உங்களுக்கும் அப்போ இந்தத் தொந்தரவெல்லாம் இருந்துச்சா?"

"இருக்குதுங்க, இருந்துச்சுங்க, எல்லாந்தான்" என்று சொல்லிவிட்டு டிபன் கேரியரை மூடினார். எது இருக்கிறது, எது இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் வீட்டுக்கு யாரும் போனதில்லை. அவரை உட்கார வைத்துக் கையில் பட்டை கட்டியவர் யார் என்று யாரும் யோசித்ததாகவும் நினைவில்லை.

பால்கனிக்கு வருகிறேன். அன்று தொட்டியைப் பிடித்து என்னை இறக்கிவிட்ட பிறகு, நானே சாவியோடு முன்பக்கம் போய்க் கதவைத் திறந்து அவரை உள்ளே கூப்பிட வேண்டியதாயிற்று. முழங்கால் சிராய்த்திருந்தது. அதற்கும் அவரே பஞ்சு வைத்தார். இழந்த கௌரவத்தை மீட்கும் எண்ணத்தோடு நான் ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். வியாதி என்பது விருந்தாளி மாதிரி, கல்யாணத்துக்கு வந்தது, பந்தலைப் பிரித்ததும் போய்விட்டது, போனவரை வருடா வருடம் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது நாம்தான் என்று.

அக்கா பொறுமையாகக் கேட்டார். "ஒறம்பரை போயிட்டாங்க, சரிங்ணா. ஆனா வந்துட்டுப் போன ஒறம்பரைக்கு இப்ப வீடு தெரியுமுங்களே" என்றார். ஒறம்பரை என்றால் அவர்கள் ஊரில் விருந்தாளி. அந்த அர்த்தம் எனக்குச் சுமதி சொல்லித்தான் தெரிந்தது. அதனால் உடனடியாகக் கோபப்படக்கூட முடியவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். நாள் முழுக்க அடுத்தவன் செய்த சாமானில் குறை கண்டுபிடித்துச் சிவப்பு மை வைக்கிற மனுஷன், தன் வீட்டில் எதையும் யாரும் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். இதை அப்போது ஒப்புக்கொள்ளாமல், தனிமனித உரிமை என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரில், எங்கள் காலனி சொஸைட்டியின் செக்ரெட்டரிக்கு ஆங்கிலத்தில் நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். செக்ரெட்டரி என்பவர் வஹினியின் கணவர். குழந்தைகளின் மகிழ்ச்சியான நாளில் நோயின் நிழல் விழுவது பற்றி ஒரு பத்தி, கிரேக்க நாடகங்களில் விதி வேலை செய்கிற விதம் பற்றி இரண்டு பத்தி. எழுதி முடித்துவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

பத்து நாளில் நோட்டீஸ் போர்டில் காகிதம் ஏறியது. வெளியாட்களின் வாகனங்களும் வீடு தேடி வரும் சேவைகளும் இனி காலனிக்குள் வரக் கூடாது. நான் அதற்கு முன்னால் நின்று, எழுத்துக்கு இன்னும் வலிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா சண்டைக்கு வரவில்லை. அடுத்த வருடம் மகளின் பிறந்தநாளன்று கேட்டுக்கு வெளியே தன் மொபெட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். காவலாளி பென்சில் டப்பாவை உள்ளே கொண்டுவந்து கொடுத்தான். அக்கா கொஞ்ச நேரம் இருந்துவிட்டு லேபுக்குப் போய்விட்டார். மற்ற பிறந்தநாள்களிலும் அப்படித்தான். கேட்டுக்கு வெளியே போய் நடுத்தெருவில் கையை நீட்ட யாருக்கும் கூச்சமாக இருந்தது. லேபுக்குப் போகிறோம் என்றவர்கள் போகவில்லை. வஹினிக்கு மகன் பிறந்தபோது பிரஷர் ஏறி, ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் இருந்தவர். ஆறு வருடமாக மகனின் பிறந்தநாளன்று கையில் பட்டை கட்டிக்கொண்டவர். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவரின் மனைவி நோட்டீஸை மீறுவது எப்படி? நின்றுவிட்டார். "அக்கா வராததுதான் நிம்மதியா இருக்கு, லட்டைப் பயமில்லாம சாப்பிடலாம்" என்று சுமதியிடம் சொன்னாராம்.

மூன்று பிறந்தநாள்கள் அமைதியாகப் போயின. நான் கேசரி சாப்பிட்டேன்.

நான்காவது வருடத்தின் பிப்ரவரியில், மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வஹினி அப்படியே சரிந்து உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. பிரஷர் எங்கேயோ ஏறிப் போயிருந்ததாம், எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியாது. வயது நாற்பத்திமூன்று. உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை மட்டும் சொன்னபடி கேட்காது என்றும், பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். செக்ரெட்டரி ஸ்பூனால் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நான் நேராக லேபுக்குப் போனேன். அக்கா குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"சுமதி வீட்டுக்காரர்" என்றேன். "அந்த லெட்டரை எழுதினது நான்தான்."

"எந்த லெட்டருங்க?"

"உங்களை உள்ள விடக் கூடாதுன்னு. நாலு பக்கம்."

"நாலு பக்கமுங்களா!" என்றார். "நல்லாப் படிச்சவங்க நீங்க." இதில் குத்தல் இருந்ததா என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன்.

"வஹினிக்கு இப்படி ஆனது என்னாலதானா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்ணா."

"அப்ப என்னால இல்லையா?"

"அப்படியும் சொல்ல முடியாதுங்க." சீட்டை ஒட்டி, விரலால் நீவிவிட்டார். "பிரசவத்துல பிரஷர் வந்த எல்லாருக்கும் பின்னால வர்றதில்லை. அப்ப வராதவங்களுக்கும் பின்னால வருது. வருஷா வருஷம் பார்த்திருந்தா முன்னாலயே தெரிஞ்சிருக்கலாம். மாத்திரை ஆரம்பிச்சிருக்கலாம். ஆரம்பிச்சிருந்தா இது வராமப் போயிருக்கலாம். போகாமயும் இருந்திருக்கலாமுங்க."

"இதுல எனக்கு என்னதான் பதில்?"

"பதிலெல்லாம் இல்லீங்க. பட்டையைக் கட்டிப் பார்க்கறதுதான் இருக்குது."

எங்கள் கம்பெனியில் மேஜைமேல் இரண்டு தட்டு இருக்கும். ஒன்றில் தேறியது, இன்னொன்றில் தேறாதது. இருபது வருடம் எல்லாவற்றையும் அந்த இரண்டில்தான் போட்டிருக்கிறேன். என்னை எதில் போடுவது என்று தெரியாமல் பஸ் நிலையத்தில் நின்று, என் பஸ்ஸையும் அதற்கடுத்த பஸ்ஸையும் விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சுமதியிடம், "நாளைக்குக் காலையில லேபுக்குப் போறோம். மூணு வருஷமா பார்க்கலை. இனிமே நான் எதுவும் குறுக்கே பேச மாட்டேன்" என்றேன். சுமதி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய், பட்டுப்புடவைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தாள். எல்லா வருடத்துக் காகிதங்களும் இருந்தன. அமைதியான மூன்று வருடங்களுடையதும் இருந்தன. பூ வாங்கிவருகிறேன் என்று பிறந்தநாள் காலையில் அவள் போனது ஞாபகம் வந்தது. கடைசிக் காகிதத்தில் ஓர் எண்ணைச் சுற்றி மையால் வட்டம் போட்டிருந்தது.

"இது எப்போ?"

"போன ஆவணியில. அவ பொறந்தநாள் அன்னிக்குத்தான். ஆரம்பத்துலயே பார்த்துட்டோம்னு டாக்டர் சொன்னார். ராத்திரி ஒரு மாத்திரை. அதான் காலையில நடக்கறேன்."

ஆறு மாதமாக அவள் நடக்கிறாள். ஊர்வம்பு பேசப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். மாத்திரை சமையலறையில் நான் திறக்காத டப்பா ஒன்றில் இருந்தது. நான் திறக்காத டப்பா என்றால் எல்லா டப்பாவும்தான்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க லெட்டர் எழுதுவீங்க."

கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியாததால் காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். அவை ஏற்கெனவே தேதிவாரியாகத்தான் இருந்தன.

"அக்கா என்ன சொன்னாங்க, அன்னிக்கு?"

"'இந்த வருஷம் வந்துடுச்சுங்க அம்மிணி'ன்னாங்க. அப்புறம் அழுதுட்டாங்க. நிறுத்தவே முடியலை. நான்தான் பக்கத்துக் கடையில டீ வாங்கிக் கொடுத்தேன். முகத்தைத் துடைச்சுட்டு, சீக்கிரம் புடிச்சுட்டோமுங்கன்னு சிரிச்சாங்க. மறுபடி அழுதாங்க."

ஒன்பது வருடம் எதிர்பார்த்தது வந்ததற்கா, வந்தது சுமதிக்கு என்பதற்கா, அல்லது எங்களுக்குத் தெரியாத வேறு யாருக்காகவோ? சுமதியும் கேட்கவில்லை. அந்த இடத்தில் அதைக் கேட்கத் தோன்றாது என்கிறாள்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து அக்காவும் கணவரும் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். கணவருக்குக் கோயமுத்தூரில் வேலை கிடைத்ததாகச் சொன்னார்கள். போகிற நாளுக்கு முந்தைய நாள் சுமதியைப் பார்க்க வந்தார். கேட்டுக்கு வெளியேதான் நின்றார். உள்ளே வரச் சொல்லி நான் எவ்வளவு கூப்பிட்டும், "நோட்டீஸ் இருக்குதுங்களே" என்றார். சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கை மடிப்பைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினார். "மூணு மாசத்துக்கு ஒருக்கா பார்த்துக்குங்க. சின்ன ஊசியாக் கேளுங்க, உங்க நரம்பு நழுவும்" என்றார். என்னைப் பார்த்து, "வர்றேனுங்க" என்றார். யாரென்று தெரிந்து சொன்னாரா என்பது சந்தேகம்.

அவர் போனபின் எனக்கு ஒரு வேலை மிச்சமிருந்தது. வஹினிக்குப் பேச்சு முக்கால்வாசி திரும்பியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செக்ரெட்டரி கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து மாடிக்குப் போனேன். மேஜைமேல் இடது கையால் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த இந்தியிலும் மராட்டியிலுமாக எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அந்தக் கடிதம் நான் எழுதியது என்றும், அதனால்தான் நோட்டீஸ் வந்தது என்றும், அக்கா தொடர்ந்து வந்திருந்தால் இந்தக் கைக்கு ஒருவேளை இப்படி ஆகியிருக்காது என்றும், இரண்டு வருடமாக எனக்குச் சரியான தூக்கமில்லை என்றும் சொல்லி முடித்தபோது என் கண் கலங்கியிருந்தது.

வஹினி கொத்தமல்லியைக் கீழே வைத்தார். அவருக்கு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும். நான் காத்திருந்தேன்.

"அந்த நாலு பக்கமா, பாவூ?" என்றார், தம்பி என்கிற அர்த்தத்தில். "அதை இவர் முதல் பாராவுக்கு மேல படிக்கலையே. அவளோட மொபெட், பார்க்கிங்ல ஆயில் ஒழுக்கும். நோட்டீஸ் அதுக்கு."